திருவள்ளூருக்கு வந்த டெட்ராய்ட்

சென்னையை ‘ஆசியாவின் டெட்ராய்ட்’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதையை 1990களின் நடுவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தாராளமயம் வந்தது, 1995-ல் ஃபோர்டு மஹிந்திராவோடு கைகோத்தது, மறைமலை நகரில் ஆலை எழுந்தது, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது, பிறகு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பட்டியல் நீள்கிறது. இந்த வரிசையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அசல் டெட்ராய்டின் முதல் பெயரான ஜெனரல் மோட்டார்ஸ் இதில் எங்குமே வருவதில்லை. அந்த நிறுவனம் தமிழ்நாட்டில் கார் ஆலை அமைக்காததால் யாரும் அதைத் தேடுவதும் இல்லை. உண்மையில் அதன் தொழில்நுட்பம் 1970களின் தொடக்கத்திலேயே, ஃபோர்டு மறைமலை நகருக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூருக்கு வந்துவிட்டது. வந்தது காராக அல்ல, மண் அள்ளும் இயந்திரமாகவும் சுரங்க டம்பராகவும். எந்தக் குடும்பமும் வாங்காத, எந்த விளம்பரத்திலும் வராத அந்த வண்டிகள்தான் அமெரிக்க மோட்டார் தொழில் தமிழ்நாட்டில் பதித்த மிக நீண்ட தடம் என்பது என் வாதம். அது ஏன் நிலைத்தது, அதே மாவட்டத்தில் அதே முதலாளி தொடங்கிய கார் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்குள் இந்தப் பகுதியின் தொழில் வரலாறு பெருமளவு அடங்கியிருக்கிறது.

அமெரிக்கக் கார் நிறுவனங்களுக்கு இந்தியா புதிதல்ல. ஃபோர்டு 1926-ல் இங்கே துணை நிறுவனம் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டும் ஆலை அமைத்தது. பூட்டுவது என்பதுதான் அங்கே நடந்த வேலைக்குச் சரியான பெயர். பெட்டிகளில் கப்பலேறி வந்த பாகங்களைப் பிரித்து, முடுக்கி, பெயின்ட் அடித்து அனுப்பினார்கள். விடுதலைக்குப் பின் அரசு 1949-ல் முழு வண்டி இறக்குமதியை இறுக்கியது. 1953-ல் சுங்கவரி ஆணையம், பாகங்களைப் படிப்படியாக இங்கேயே செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கே இனி இடம் என்று சொன்னது. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 1954-ஐ ஒட்டிக் கடையைக் கட்டின. கால் நூற்றாண்டு காலம் இந்தியச் சாலைகளில் செவ்ரோலெட்டும் ஃபோர்டும் ஓடியும், அந்த ஆலைகள் தமக்குப் பின் ஒரு வார்ப்படச் சாலையையோ பற்சக்கரம் வெட்டும் பட்டறையையோ விட்டுச்செல்லவில்லை. பூட்டும் தொழிலின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

இரண்டாவது சான்று சென்னையின் வடக்குக் கடலோரத்திலேயே இருக்கிறது. 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத்தான் பிறந்தது. சில ஆண்டுகளிலேயே கார் பின்தங்கி, பிரிட்டனின் லேலண்ட் லாரி முன்னே வந்தது. 1955-ல் நிறுவனத்தின் பெயரே அசோக் லேலண்ட் ஆனது. ஆஸ்டின் எண்ணூரில் பூட்டப்பட்டது என்பதை இன்று நினைவுபடுத்தினால்தான் தெரிகிறது. லாரியும் பஸ்ஸும் செய்த அதே ஆலை எழுபது ஆண்டுகளைக் கடந்தும் நின்றது. கூட்டுறவு சங்கமும் போக்குவரத்துக் கழகமும் ராணுவமும் லாரி ஆபீஸ் முதலாளியும் வாங்கும் வண்டி இந்த வட்டாரத்தில் நிலைத்தது, தனிமனிதர் வாங்கும் வண்டி வந்து போனது. மேல்நல்லாத்தூரில் நடந்ததைப் புரிந்துகொள்ள எண்ணூரை முதலில் பார்க்க வேண்டும்.

கார் விற்றுப் பெயர் வாங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் டம்பருக்குள் நுழைந்தது 1953-ல், யூக்ளிட் என்ற நிறுவனத்தை வாங்கியபோது. அணைகளிலும் சுரங்கங்களிலும் பாறை சுமக்கும் கனரக வண்டிகளுக்கு யூக்ளிட் அப்போது உலகப் புகழ் பெற்றிருந்தது. ஸ்காட்லாந்தின் மதர்வெல் பக்கத்திலும் அதற்கு ஓர் ஆலை இருந்தது. காரில் முதலிடத்தில் இருக்கும் நிறுவனம் இந்தச் சந்தையையும் விழுங்குகிறது என்று 1959-ல் அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்தது. 1968-ல் உடன்பாடு ஏற்பட்டது. யூக்ளிட் என்ற பெயரையும் அமெரிக்க டம்பர் வரிசையையும் ஒயிட் மோட்டார் நிறுவனத்துக்கு விற்றுவிட வேண்டும்; நான்கு ஆண்டுகளுக்கு அமெரிக்காவுக்குள் இந்த ரக வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் செய்யவோ விற்கவோ கூடாது. மீதமிருந்த தொழிலுக்கு டெரெக்ஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். சொந்த நாட்டில் கதவு சாத்தப்பட்ட அந்த ஆண்டுகளில் ஸ்காட்லாந்து ஆலையும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும் டெரெக்ஸுக்கு முன்னைவிட முக்கியமாகியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஆவணத்தைக் காட்டி இதைச் சொல்லவில்லை, காலம் பொருந்திவருவதை வைத்துச் சொல்கிறேன். பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் டெரெக்ஸோடு கூட்டுச் சேர்ந்து திருவள்ளூரில் மண் அள்ளும் இயந்திரப் பிரிவைத் தொடங்கியது சரியாக அந்த வேளையில்தான். அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் முடிந்த ஏகபோக வழக்கின் நீர் திருவள்ளூர் வயல்வெளி வரை பாய்ந்திருக்கலாம்.

மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் அம்பாசடர் செய்துகொண்டிருந்த நிறுவனம் இதற்கு மட்டும் ஏன் திருவள்ளூரைத் தேடி வந்தது? ஒரு காரணம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை என்று 1950களிலும் 60களிலும் அடுத்தடுத்து எழுந்திருந்தன. கனமான இரும்புத் தகட்டை வெட்டவும் ஒட்டவும் கடையவும் தெரிந்த கைகள் அந்தப் பாதை நெடுகப் பெருகியிருந்தன. இன்னொரு காரணம் வாங்குகிறவர் யார் என்பதில் இருக்கிறது. 1971 முதல் 1973 வரை நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாகின. 1975-ல் கோல் இந்தியா உருவானது. 1970களின் நடுவில் நாட்டின் நிலக்கரியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. இன்று பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அப்படித்தான் வருகிறது. பூமிக்குள் குடைந்து போவதை விட்டுவிட்டு, மேலிருக்கும் மண்ணையும் பாறையையும் அப்படியே அகற்றிக் கரியை அள்ளுகிற முறை அது. அந்த மாற்றம் முழுவதும் டம்பர், லோடர், டோசர் ஆகியவற்றின் முதுகில்தான் நடந்தது. நெய்வேலி, சிங்கரேணி, பைலாடிலா இரும்புத் தாதுச் சுரங்கம், அணைக்கட்டுகள் என்று இயந்திரம் கேட்ட இடங்கள் பல. 1964-ல் தொடங்கிய பொதுத் துறை நிறுவனமான பெமல்தான் முதன்மைப் போட்டியாளர். திருவள்ளூரிலிருந்து போன ஹிந்துஸ்தான் 1035 டம்பர் 35 டன் சுமந்தது. ஹிந்துஸ்தான் 2021 லோடரோ சுரங்கத்தைத் தாண்டிக் கல்குவாரி, கிரஷர், துறைமுகம் என்று எங்கும் பரவியது. அந்த எண்ணைச் சொன்னால் போதும், கிரஷர் வைத்திருக்கிற பழைய ஆட்கள் வண்டியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இந்த வண்டியைச் செய்வதில் என்ன இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் என் வாதத்தின் எலும்பு தெரியும். சுரங்க டம்பரின் சேஸிஸ் சாதாரண லாரியின் சேஸிஸ் மாதிரித் தகட்டை மடித்துச் செய்வதல்ல. கனத்த பிளேட்டைக் காஸ் கட்டிங்கில் வெட்டி, ஓரங்களைச் சாய்வாகச் சீவி, நாலு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டமாக ஒட்டுகிறார்கள். பிளேட்டைச் சூடாக்காமல் வெல்டிங் செய்தால் ஆறும்போது விரிசல் விடும். ஆகவே முதலில் சூடேற்றி, அடியில் ரூட் ரன் எனும் முதல் வெல்டிங் அடுக்கைப் போட்டு, கசடைத் தட்டிச் சுத்தம் செய்து, அதன் மேல் அடுத்த ரன், அதற்கும் மேல் அடுத்தது என்று பள்ளம் நிறையும்வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு ரன்னுக்குள் கசடு சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. மீயொலிச் சோதனையில் தெரியும், இல்லாவிட்டால் நடுச் சுரங்கத்தில் சுமையோடு சட்டம் பிளக்கும்போது தெரியும். சரக்கு ஏற்றும் தொட்டியின் தரை, பாறை நடுவில் சேர்ந்து உட்காரும்படி சரிவாக அமைகிறது. எஞ்சின் புகையைத் தொட்டியின் விலா எலும்புகளுக்குள் ஓடவிட்டுச் சூடாக்கும் ஏற்பாடும் இந்த ரக வண்டிகளில் உண்டு. ஈரக் களிமண் தகட்டில் ஒட்டிக்கொள்ளாமல் கொட்டிவிடுவதற்காக. இவ்வளவு பெரிய தொட்டியையும் சட்டத்தையும் பெட்டியில் அடைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவருவது வீண் செலவு. இரும்பை இங்கே வாங்கி இங்கே ஒட்டுவதுதான் லாபம். ஆகவே எந்த அரசாணையும் வற்புறுத்துவதற்கு முன்பே, பொருளின் கனமே தொழிலை உள்ளூரில் இறக்கிவைத்தது. ஒட்டக் கற்ற வெல்டர், கடையக் கற்ற டர்னர், அளவு பார்க்கக் கற்ற ஃபிட்டர் ஆகியோர் அந்த மாவட்டத்து ஆட்களாகவே இருந்தாக வேண்டும். சிவ்ரியில் நடக்காதது மேல்நல்லாத்தூரில் நடந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

தொழில்நுட்பத்தின் உரிமையாளர் கைமாறியபோதுகூட இந்த வேர் அறுபடவில்லை. 1980-ல் ஜெனரல் மோட்டார்ஸ் டெரெக்ஸை ஐபிஹெச் என்ற ஜெர்மன் குழுமத்துக்கு விற்றது. அந்தக் குழுமம் 1983-லேயே திவாலானது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே 1980களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லரோடு கூட்டுச் சேர்ந்தது. ஓசூர்ப் பக்கம் எஞ்சினும் கனரக வண்டிகளுக்கான ஆலிசன் டிரான்ஸ்மிஷனும் செய்யும் ஆலைகள் வளர்ந்தன. அந்த ஆலிசனும் அந்நாளில் ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவுதான். இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில் கேட்டர்பில்லர் திருவள்ளூர் ஆலையை முழுதாகவே வாங்கிக்கொண்டது. வரைபடம் தந்தவர் மாறினார், பலகையில் பெயர் மாறியது, கீழே வேலை தொடர்ந்தது. பிறகு 35 டன் ஆலையாக இருந்த இடத்தில் 100 டன் சுமக்கும் 777 வரிசை டம்பர்கள் உருவாகின. அந்த வரிசை கேட்டர்பில்லரின் உலகச் சந்தைக்கான வடிவமைப்பு; பழசாகிப்போன ஒன்றை ஏழை நாட்டின் தலையில் கட்டிய கதை அல்ல.

இதே காலத்தில் கார் என்ன ஆயிற்று? 1994-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவுக்குத் திரும்பியபோது கூட்டாளியாகத் தேர்ந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸை நடத்திய அதே சி.கே. பிர்லா குழுமத்தைத்தான். ஆனால் ஓபல் ஆஸ்ட்ரா கார் குஜராத்தின் ஹாலோலில் பிறந்தது, திருவள்ளூரில் அல்ல. 1999-ல் பிர்லாவின் பங்கையும் ஜெனரல் மோட்டார்ஸே வாங்கிக்கொண்டது. திருவள்ளூருக்குப் பிர்லா கொண்டுவந்த கார் ஜப்பானியருடையது: கடம்பத்தூருக்கு அருகே அதிகத்தூரில் கட்டிய ஆலையிலிருந்து 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. நல்ல கார் அது. நெடுஞ்சாலையில் அதன் நிதானத்தையும் கோவை, ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயப் பாதைகளில் அதன் வேகத்தையும் மெச்சியவர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். ஆனால் முக்கியப் பாகங்கள் கடல் கடந்து வந்தன. யென்னின் மதிப்பு ஏறினால் உதிரிப் பாகத்தின் விலையும் ஏறியது. அதே ஆண்டு ஹோண்டா சிட்டி வந்தது, அடுத்த ஆண்டு ஃபோர்டு ஐகானும் ஹூண்டாய் ஆக்சென்ட்டும் வந்தன. எண்ணிக்கை ஏறாததால் பாகங்களை இங்கே செய்ய வழியில்லை, பாகங்களை இங்கே செய்யாததால் விலை இறங்கவில்லை, விலை இறங்காததால் எண்ணிக்கை ஏறவில்லை. செடியா, பஜேரோ என்று பெயர்கள் மாறின, சுழல் மாறவில்லை. 2013 முதல் 2016 வரை, ஸ்ரீசிட்டியில் தன் ஆலை தயாராகும்வரை, இசுசு தன் டி-மேக்ஸை இங்கே ஒப்பந்தத்துக்குப் பூட்டிக்கொண்டது.

இங்கே ஓர் எதிர்வாதம் நிச்சயம் எழும். டம்பர் ஆலை நிலைத்ததற்குக் காரணம் அதன் திறமை அல்ல, பாதுகாப்பு; லைசென்ஸ் காலத்தில் இறக்குமதிக்குத் தடை, வாங்குபவரோ அரசு, தோற்க வழியேது என்பார்கள். பாதி உண்மை. 1991 வரை அந்தச் சுவர் பெரிய உதவிதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சுவருக்குள் அதே நிறுவனம் அம்பாசடரையும் செய்தது. அரசே அதற்கும் பெரிய வாடிக்கையாளர்; கோட்டை முன்னால் நின்ற வெள்ளை அம்பாசடர்களை யாரும் மறந்திருக்க முடியாது. சுவர் இடிந்தபின் அம்பாசடர் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றுபோனது. கனரக இயந்திர இறக்குமதியும் அதே ஆண்டுகளில் எளிதாகியும் மேல்நல்லாத்தூர் நிற்கவில்லை, பெரிதானது. பாதுகாப்பு இரண்டுக்கும் பொது, முடிவு வெவ்வேறு. வேறுபாடு அந்தப் பாதுகாப்பு ஆண்டுகளில் என்ன கற்றுக்கொள்ளப்பட்டது என்பதில் இருக்கிறது. அம்பாசடர் வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் வாங்கினார். அவருடைய குறை ஆலைக்குள் எட்டவில்லை. சுரங்க நிர்வாகம் அப்படி அல்ல. டம்பர் ஒரு ஷிப்ட் படுத்தால் எத்தனை டன் போயிற்று என்று எழுதிவைக்கும் வாடிக்கையாளர் அது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை மணி நேரம் ஷெட்டில் நின்றது என்ற கணக்கை டெண்டரிலேயே கேட்கும். போட்டி இல்லாத காலத்திலும் அந்தக் கணக்கு ஆலையைக் கூர்மையாக வைத்திருந்தது.

அடுத்த எதிர்வாதம் இதைவிடக் கனமானது. கேட்டர்பில்லர் கார் நிறுவனமே அல்ல. டம்பர் ஆலை எத்தனை பேருக்குச் சோறு போட்டது? மறைமலை நகரில் ஃபோர்டு ஆயிரக்கணக்கானோருக்கு நேரடியாக வேலை தந்தது, அதைச் சுற்றி எத்தனையோ பாக உற்பத்தியாளர்கள் வளர்ந்தார்கள், இகோஸ்போர்ட் உலகம் முழுக்கப் போனது. ஆகவே தமிழகத்தில் அமெரிக்க மோட்டார் வரலாறு என்றால் அது ஃபோர்டுதான் என்று சொல்லலாம். எண்ணிக்கையை ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்டு விட்டுச்சென்ற பாக உற்பத்தித் திறன் இன்றும் பிற நிறுவனங்களுக்கு உழைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீடிப்பு என்ற அளவுகோலில் பார்ப்போம். பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறக்குறைய 4,000 ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். இழப்பீட்டுத் தொகைக்காக 2022-ல் மறைமலை நகர் ஆலைக்குள்ளேயே தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. அந்த ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது. நாற்பதைத் தாண்டிய வயதில், குழந்தைகள் படித்துக்கொண்டிருக்கும்போது, இருபது ஆண்டு பழகிய வரிசை நின்றுபோவது என்ன என்பதை நஷ்டக் கணக்கின் எந்த வரியும் சொல்லாது. ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலைகளும் அதே வழியில்தான் போயின: சிவ்ரி 1954-ல், ஹாலோல் 2017-ல், புனே பக்கம் தலேகான் 2020-ல். தன் பெயர் பொறித்து இந்தியாவில் கட்டிய கார் ஆலைகளில் ஒன்றைக்கூட அந்த நிறுவனம் கையில் வைத்திருக்கவில்லை. அதன் டம்பர் வரைபடத்தோடு பிறந்த திருவள்ளூர் ஆலை மட்டும், வேறோர் அமெரிக்கப் பெயரில், இன்னும் வேலை செய்கிறது.

என் வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல் ஹூண்டாய்தான், அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காரே இந்த மண்ணில் நிலைக்காது என்றால் இருங்காட்டுக்கோட்டை எப்படி நிலைத்தது? ஆகவே காரா, கனரக இயந்திரமா என்பதல்ல பிரிகோடு. ஹூண்டாய் முதல் நாளிலிருந்தே இந்தியக் குடும்பத்தின் பையை அளந்து சான்ட்ரோவைச் செய்தது, தன் பாக உற்பத்தியாளர்களைக் கொரியாவிலிருந்தே அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தது, எஞ்சினையும் இங்கேயே செய்தது. திருவள்ளூர் டம்பருக்கும் சான்ட்ரோவுக்கும் பொதுவாக இரண்டு இருக்கின்றன: வாங்குபவர் யார், அவருக்கு என்ன தேவை என்பது செய்பவருக்குத் தெரிந்திருந்தது, பொருளின் கனமான பகுதி இங்கேயே உருவானது. லான்சருக்கு இரண்டுமே இல்லை. ஃபோர்டிடம் இரண்டாவது இருந்தது, முதலாவது வந்து வந்து போனது; ஃபிகோவில் பிடித்ததை அடுத்த கார்களில் விட்டுவிட்டது. அமெரிக்கக் கார் நிறுவனங்களின் இந்திய வரலாறு பெரிய கார், பெரிய லாபம் என்ற தம் ஊர்ப் பழக்கத்திலிருந்து விடுபட முடியாத வரலாறு என்றே நான் படிக்கிறேன். டம்பரில் அந்தப் பழக்கம் குறையாக அமையவில்லை; அங்கே பெரிதுதான் தேவை.

இந்த இயந்திரங்கள் செய்தது எல்லாமே நன்மை என்று எழுதிவிட முடியாது. டம்பரும் லோடரும் போன இடங்களில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்த குடும்பங்களின் வழக்கு இன்னும் ஓயவில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஏரி மண்ணும் ஆற்று மணலும் குன்றும் அள்ளப்பட்டதில் இந்த வகை இயந்திரங்களுக்குப் பங்கு உண்டு. ஓர் ஆலையின் நீண்ட ஆயுளைப் பாராட்டும்போது, அந்த ஆயுள் எந்த நிலத்தைத் தோண்டி வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பார்த்தால் மாவட்டத்தின் மற்றொரு முகம் தெரிகிறது. கார் ஆலைகள் ஜி.எஸ்.டி. சாலையையும் பெங்களூர்ச் சாலையையும் பற்றிக்கொண்டு தெற்கேயும் தென்மேற்கேயும் போய்விட்டன. வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகள் நிரம்பின. கடலோரத்தில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்தன. கோட்டைக்குப் பக்கத்தில் கூடாது என்று ஒதுக்கிய புகையும் சாம்பலும் பொன்னேரி, மீஞ்சூர் மக்களின் பங்காயின. கார் இந்தப் பக்கம் வருவது டிரெய்லரின் மேல் ஏறித்தான். 2010 முதல் எண்ணூரில், இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் இடத்தில், ஒரகடத்து நிசான் கார்கள் கப்பலேறத் தொடங்கியதிலிருந்து அந்த ஊர்வலம் நிற்கவில்லை. செய்யும் வேலை தெற்கே, சுமக்கும் பாரம் வடக்கே என்ற இந்தப் பங்கீட்டில் மாவட்டத்துக்குள் கார் செய்யும் ஒரே பெரிய இடமாக அதிகத்தூர் தனித்து நிற்கிறது.

அந்த அதிகத்தூர் ஆலைதான் இன்று இந்த வாதத்தைச் சோதிக்கும் இடம். 2017-ல் பிரான்சின் பிஎஸ்ஏ குழுமம் பிர்லாக்களோடு கூட்டுச் சேர்ந்து, பழைய லான்சர் ஆலையைச் சிட்ரோன் கார்களுக்காக மாற்றியமைத்தது. கியர்பாக்ஸும் எஞ்சினும் ஓசூரில் என்று முடிவாயிற்று. அம்பாசடர் என்ற பெயரையும் அதே ஆண்டு 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கினார்கள். 2021 ஜனவரியில் பிஎஸ்ஏ, ஃபியட் கிறைஸ்லரோடு இணைந்து ஸ்டெல்லாண்டிஸ் ஆனது. கிறைஸ்லர், டாட்ஜ், ஜீப் என்று டெட்ராய்டின் மூன்றாவது பெரிய குடும்பத்துப் பெயர்கள் எல்லாம் இப்போது அதிகத்தூர் ஆலையின் ஒன்றுவிட்ட உறவுகள். இதே கிறைஸ்லர் 1971 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மிட்சுபிஷியில் பங்கு வைத்திருந்து, அதன் சிறு கார்களை டாட்ஜ் பெயரில் அமெரிக்காவில் விற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஆலையில் பிறந்த கார்களுக்கு டெட்ராய்ட் எப்போதும் ஒரு கை தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

2024 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அமெரிக்கா சென்றிருந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காகத் திரும்பத் திறக்க ஃபோர்டு விருப்பக் கடிதம் தந்தது; திருவள்ளூர், கிருஷ்ணகிரி மாவட்ட ஆலைகளை விரிவாக்க 500 கோடி ரூபாய்க்குக் கேட்டர்பில்லர் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதல் செய்தி ஊரெல்லாம் பேசப்பட்டது, இரண்டாவது வணிகப் பக்கத்தோடு நின்றது. ஃபோர்டு அடுத்த ஆண்டு சொன்ன திட்டம்கூட முழுக் கார் அல்ல, எஞ்சின். ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 2029 முதல். அந்த நிறுவனம் திரும்பி வரும் வழியே வாதத்தின் பக்கம் சாய்கிறது: இந்தியக் காரை விட்டுவிட்டு, இங்கே செய்யத் தெரிந்த கனமான பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதிகத்தூரில் 2022-ல் வந்த சிட்ரோன் சி3 காரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்தியப் பாகங்கள் என்று நிறுவனம் அறிவித்தது. ஆக, லான்சருக்கு இல்லாத ஆழம் இதற்கு இருக்கிறது. வாங்குபவரைக் கண்டுபிடிப்பதுதான் பாக்கி. உள்நாட்டில் விற்பனை மெலிந்தே இருக்கிறது. 2023-ல் சி3 காமராஜர் துறைமுகம் வழியே ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கப்பலேறத் தொடங்கியது. கடம்பத்தூரிலும் திருவள்ளூரிலும் இருந்து கம்பெனி பஸ் ஏறுகிறவர்களின் அடுத்த பத்து ஆண்டு வேலை, அந்தக் கப்பல்கள் எத்தனை முறை நிரம்புகின்றன என்பதைப் பொறுத்தே அமையும்.